டாக்டரம்மாவுக்குக் காய்ச்சிய தண்ணீர்

இருதயம்மாள் பட்டப்பகலிலேயே கனவு காண்பாள். கூடையில் மீனை ஈ மொய்க்கும். இவள் கடலைப் பார்த்தபடி, "மஜீது, ஐரீன் அலை மேல நடந்து வருது பாரு" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் டீக்கடை அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். அலைதான் இருக்கும்.

ஐரீன் அவளுடைய ஒரே மகள். அறுபத்தெட்டில் எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் வாந்திபேதி பரவியபோது போய்விட்டாள். பாழாய்ப்போன கிணற்றுத் தண்ணீர்! அதற்குப் பிறகுதான் அம்மன் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் சேர்ந்து சுகாதாரக் கமிட்டி போட்டன. குப்பத்துத் தலைவர் அப்பாவு, பள்ளிவாசல் சார்பில் நான், மாதா கோயில் சார்பில் இருதயம்மாள். "தண்ணியைக் காச்சிக் குடிங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சுவாள். கிணற்றை மூடியாயிற்று; லாரி வந்தால்தான் நல்ல தண்ணீர், எதைக் காய்ச்சுவது? குப்பத்துக்கு ஒரு குழாய் வரவேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

கமிட்டியால் ஜனங்களுக்கு நல்லது நடந்ததா என்று பார்க்க ஒரு சர்க்கார் டாக்டரம்மா வருவதாகச் சேதி வந்தது. அவர் சொன்னால் குழாய் கிடைக்கும். அப்பாவு பரபரத்தார். "எல்லா வூட்லயும் அடுப்புல தண்ணி கொதிக்கணும். இல்லாங்காட்டி மானம் பூடும்!" தலைவர் பேச்சுக்குக் குப்பத்தில் மறுபேச்சு ஏது?

அன்று பார்த்து லாரி வரவில்லை. பெண்கள் என்ன செய்வார்கள்? குடத்தோடு கடலில் இறங்கினார்கள்.

உச்சிவெயிலில் எல்லாக் கூரைகளிலிருந்தும் புகை எழுந்து, கடல்மேல் போய் மெல்லக் கரைந்தது. குடிசைகள் மிதப்பதுபோல் இருந்தன. அடடா, நானே சொக்கிப்போய் நின்றேன்.

டாக்டரம்மா பூரித்துப்போனார். "கமிட்டி இவ்வளவு நல்லா நடக்குதே! உங்களுக்குக் குழாய் அவசரமில்லை. முதல்ல எண்ணூர்ப் பக்கம் போடச் சொல்றேன்."

அப்பாவுவின் முகம் தொங்கிப்போனது. உண்மையைச் சொன்னால் மானம் போகும்; சொல்லாவிட்டால் குழாய் போகும்.

இருதயம்மாள் தன் குடிசைக்குள் போய் ஒரு சின்னப் பித்தளை டம்ளரோடு வந்தாள். ஐரீனுடைய டம்ளர். வேறு யாரும் அதில் குடித்து நான் பார்த்ததில்லை. அடுப்புப் பானையிலிருந்து மொண்டு, ஆற்றி, நீட்டினாள்.

"குடிம்மா."

"அக்கா, வேணாம்!" என்று பதறினேன். அப்பாவு பல்லைக் கடித்தார்.

டாக்டரம்மா ஒரு மடக்கு விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. "உப்பு கரிக்குதே!"

"கடல் தண்ணிம்மா. உனுக்காக ஊரே சேந்துகினு காச்சினது. நல்ல தண்ணி கெடைக்காமத்தாம்மா எம் பொண்ணு பூட்டா."

டாக்டரம்மா டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவு அன்றிலிருந்து இருதயம்மாளோடு பேச்சை நிறுத்தினார். "குப்பத்து மானத்தை வித்தவ" என்று ஊரெல்லாம் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் குழாய் வந்தது. முதல் குடம் அவர் வீட்டுக்குத்தான் போனது, பாவி மனுஷன்!

இருதயம்மாள் கடைசியாகப் பிடித்தாள். காய்ச்சினாள். பித்தளை டம்ளரில் ஊற்றி, வாசலில் கடலைப் பார்க்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வழியாக வந்த அப்பாவுவுக்குப் பொறுக்கவில்லை. "குடியேன். இன்னா பாத்துகினு கீற?"

"சூடா கீது நைனா. கொயந்த நாக்கு பொத்துப்பூடும். ஆறட்டும்."

அப்பாவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து அந்த டம்ளருக்கு விசிறினார்.