மாப்பிள்ளைத் தட்டும் கீரி மீனும்

மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குசினியில் இரண்டு விதச் சமையல் நடந்தது. ஒன்று மாப்பிள்ளைக்கு. மற்றது எங்கள் ஒன்பது பேருக்கு.

மாப்பிள்ளைக்கு அறுக்குளா மீன் பொரியல், இல்லாவிட்டால் கோழி. அதோடு அவித்த முட்டை, ஒரு பாற்கறி, பிறகு வாழைப்பழமோ வட்டிலப்பமோ. எல்லாவற்றையும் தட்டில் அழகாக வைத்து, இன்னொரு தட்டால் மூடி, மூத்தவள் அறைக்குள் கொண்டு போவாள். அவர் அங்கே தனியாக இருந்து சாப்பிடுவார். நாங்கள் பின்பக்கத்தில் சகனைச் சுற்றி உட்காருவோம். ஒரே பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, பருப்பையும் கீரைச் சுண்டலையும் மேலே போட்டால் ஆளுக்கொரு பக்கமாகத் தின்று முடித்துவிடுவோம். என் கணவரும் நானும், ஆறு பிள்ளைகள், கணவரின் ராத்தா, அதாவது என் மதினி. இவ்வளவு பேருக்கும் இரண்டு சகன் போதும். கழுவுவதற்கும் இரண்டே தட்டு.

எங்கள் சாய்ந்தமருதுப் பக்கத்தில் பெண் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் வருவார். வந்தவரைக் கொஞ்ச நாளைக்குத் தனியாக வைத்துக் கவனிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. தொடங்குவது சுலபம். நிறுத்துவது யார்? நிறுத்தினால், என்னைத் தாழ்த்திவிட்டார்கள் என்று அவர் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? எங்கள் தெருவிலேயே ஒரு மாப்பிள்ளை, ஆணம் ஊற்றும்போது தனக்கு மீன் வால் துண்டு வந்ததென்று கோபித்துக்கொண்டு போனார். அவரைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் நோன்புப் பெருநாளே வந்து போய்விட்டது.

வீட்டுச் செலவு என் பொறுப்பு. ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் ஒரு வாரத்தை எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியும். என் கணவர் மேசன் வேலை செய்கிறார். சனிக்கிழமை அவர் கொண்டு வரும் கூலி புதன்கிழமை வரைக்கும் நடக்கும். மிச்ச நாட்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் நடத்துவோம். சாமான் விலை ஏறிய பிறகு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. என் கணவர் ஆள் இருக்கும் அறையிலும் லைட்டை நூர்த்துவார். இருட்டுக்குள்ளிருந்து யாராவது சத்தம் போட்டால், “கதைக்கிறதுக்கு லைட் என்னத்துக்கு?” என்பார். மதினி ஒரு தேங்காயில் மூன்று பால் பிழிவார். நாலாவதுக்கும் ஆயத்தமானால் நாங்கள்தான் துருவலைப் பறித்துக் கோழிக்குப் போடுவோம். இரண்டாவது மகள் சவர்க்காரத்தை நூலால் அறுத்து ஒரு துண்டை மட்டும் குளியலறையில் வைப்பாள். மிச்சத்தை எங்கே வைக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

நான் மட்டும் பேரம் பேசமாட்டேன். வாய் வராது. மீன் சந்தையில் நன்றாகக் கதைக்கிற ஒரு பொம்பிளைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் விலையைக் குறைத்து முடித்ததும், “எனக்கும் அப்பிடியே தாங்க” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவேன்.

மாப்பிள்ளை வந்ததும் இதையெல்லாம் ஒளித்தோம். முன் மண்டபத்தில் லைட் எரிந்தது. குளியலறையில் முழுச் சவர்க்காரம் இருந்தது, வாசனைச் சவர்க்காரம். அவருக்கு முன்னால் நாங்கள் பணக்காரராக நடந்தோம்.

அவரும் எங்களுக்குக் குறைவில்லாமல் நடந்தார். கல்முனை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. பின்னேரம் வரும்போது கையில் ஒரு பை இருக்கும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோல்ஸ், சில நாளில் பேட்டீஸ். மாப்பிள்ளை வெறுங்கையோடு வரக்கூடாது என்பதும் எங்கள் பக்கத்தில் உள்ள பேச்சுத்தான். சின்ன மகள்மார் இரண்டு பேரும் படலையடியில் காத்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல சம்பளம் போல என்று நான் நினைத்தேன்.

மனிதர் என்னைப் போல வெட்கப்படுகிறவர். நான் மாமி என்பதால் அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு திரையின் ஓரத்துக்குத்தான் பதில் சொல்வார். பாதி நாள் இரண்டு பேரும் ஒன்றுமே கதைக்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டுப் போவோம்.

இரண்டாம் வாரம் பால்மாவை நிறுத்திப் பிள்ளைகளுக்குப் பிளேன்டீ கொடுத்தேன். நாலாம் வாரம் டியூஷன் காசில் கை வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. இதை யாராவது அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

கணவரிடம் கேட்டேன். “மாமன் சொன்னா மரியாத கெட்டுப் போகும். நீ சொல்லு” என்றார்.

மதினி கையை விரித்தார். “நான் வாயத் துறந்தா மாப்புள மட்டுமில்ல புள்ள, அவங்கட குடும்பமே கோவிச்சிரும். என்ட வாய் உனக்குத் தெரியும்தானே.”

மூத்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “எனக்கு வெக்கமா இரிக்கி உம்மா. என்ன இதில மாட்டாதீங்க” என்றாள்.

ஆக, வீட்டிலேயே வாய் வராத நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. சோறு வடிக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வியாழக்கிழமை பின்னேரம் திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

“மகன், ஒரு விசயம்.”

“சொல்லுங்க மாமி.”

“ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஆறுது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவருடைய கடை பூட்டு. காலையில் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூத்தவளின் போன் அடித்தது. எடுத்தவள் போனைக் காதிலிருந்து தூரப் பிடித்தாள். அவ்வளவு சத்தம். மாப்பிள்ளை சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே அன்றைக்குத்தான்.

“கரைவலையில கீரி மீன் பட்டிரிக்கி. மலை மாதிரிக் கிடக்கு. ஐஸ் லொறி இன்னும் வரல்ல, சும்மா குடுக்கிற விலைக்குக் குடுக்கிறாங்க. பேசனக் கொண்டாங்க. வாளியக் கொண்டாங்க. வீட்டில இரிக்கிற எல்லாத்தையும் கொண்டாங்க.”

அவ்வளவுதான். வீடு கிளம்பிவிட்டது. ஒருத்தி துணி ஊறப் போட்டிருந்த பேசனைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். மகன்மார் இருவரும் சீமெந்து குழைக்கிற வாளிகளைத் தூக்கினார்கள். கணவர் அவர்களுக்குப் பின்னால், “அத நல்லாக் கழுவுங்கடா, மீன் கல்லாகிப் போகும்” என்று கத்திக்கொண்டு ஓடினார். மதினி சோற்றுப் பானையையே எடுத்துவிட்டார். நானும் ஓடினேன். பாதி வழியில்தான் பார்த்தேன், ஒரு காலில் என் செருப்பு, மற்றக் காலில் மகனுடையது.

கடற்கரையில் வெள்ளி கொட்டினது போல மீன் கிடந்தது. இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் எங்கள் மாப்பிள்ளை வலை முதலாளியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“வெயில் ஏறுது முதலாளி. இன்னம் கொஞ்சத்தில நீங்க இத மண்ணுக்குத்தான் குடுக்கணும். அதுக்கு முன்ன எங்களுக்குத் தாங்க.”

“புதுசா கலியாணம் முடிச்ச ஆள் இப்பிடிக் கதைக்கிறயா? மாமி வீட்ட சாப்பாடு பலம் போல.”

“மாமி பின்னாலதான் நிக்கிறா. கேட்டுப் பாருங்க.”

நான் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடேயே விலை இன்னும் ஒரு படி இறங்கியது. பேசன், வாளி, பானை எல்லாம் நிறைந்தன. கடைசியில் இரண்டாவது மகள் தன் மழைக்கோட்டை விரித்தாள். அதிலும் ஒரு குவியல் போட்டார்கள்.

வீட்டு முற்றத்தில் பாயை விரித்துக் கொட்டியபோது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இன்றைக்கு ஆணம், நாளைக்குப் பொரியல், மிச்சமெல்லாம் உப்புப் போட்டுக் கருவாடு. இந்த மாதம் தப்பியது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். கத்தி இருந்தவர்கள் கத்தியோடு, இல்லாதவர்கள் விரலோடு உட்கார்ந்து ஆயத் தொடங்கினோம். மாப்பிள்ளை மாமனுக்குப் பக்கத்தில் குந்தினார். செதில் பறந்தது. காகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை தன் குடும்பத்தோடு வந்தது.

மாப்பிள்ளை ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, நான் உப்புப் பிரட்டி வைத்த மீனில் ஊற்றப் போனார்.

“ஊத்தாதீங்க அதில. உப்பெல்லாம் போகப் போகுது. அங்கால வைங்க வாளிய.”

அவர் வாளியை அங்கால வைத்தார். மதினி என் விலாவில் இடித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அதுவும் அதட்டியிருக்கிறேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவரோ அடுத்த மீனை எடுத்து வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.

பாங்கு சொல்லப் போகிறது என்று ஆண்கள் அவசரமாகக் குளித்து ஜும்ஆவுக்குப் போனார்கள். நாங்கள் பாதி மீனை உப்பில் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினோம். பெரிய பானையில் சோறு, புளி விட்டுக் கீரி ஆணம், ஒரு தாச்சி நிறையப் பொரியல். இரண்டு சகனையும் நிரப்பி வைத்தபோது ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைக்கும் நேரத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

குசினி வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கழுவிய கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாடியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

அவருடைய தட்டை நான் வைக்கவில்லை. மறந்தே போனேன். அறுக்குளா இல்லை, கோழி இல்லை, முட்டைகூட அவிக்கவில்லை. மதினி பாதி எழும்பி, “பக்கத்து ஊட்ட ஒரு முட்ட வாங்கிட்டு வரட்டா?” என்று என் காதுக்குள் கேட்டார். மூத்தவள் முகம் வெளுத்துப் போனது.

இப்போது விட்டால் இனிச் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. திரையும் இல்லை, பழகி வைத்த பேச்சும் நினைவில் இல்லை.

“மகன்,” என்றேன், “இண்டைக்குத் தனித் தட்டு இல்ல.” அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கும் இல்ல. எங்களால ஏலாது மகன். நாங்க இந்தச் சகன்லதான் தின்னுற. வாங்க, வந்து இரிங்க.”

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. என் கணவர் கூரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை இரண்டு எட்டு வைத்து வந்து, மகன்மாருக்கு நடுவில் இடம் பிடித்துச் சப்பணம் கட்டினார். “மாமி, ஒரு மாசமா அந்த அறைக்குள்ள தனிய இரிந்து தின்னுறன்” என்றார். “மறியல் கம்பிக்குள்ள கூட நாலு பேர் ஒண்டா இரிந்து தின்னுவாங்க. இஞ்ச நீங்க எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன சிரிப்பு எண்டு இவக்கிட்டக் கேட்டா ஒண்டுமில்லையாம்.”

முதலில் சிரித்தது மதினி. பிறகு யார் யார் என்று தெரியவில்லை. கணவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “அப்ப மருமகன், அந்த ரோல்ஸையும் உட்டிருங்க” என்றார்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். “அத நிப்பாட்டினா புள்ளைகள் என்ன நினைக்கும் எண்டு பயந்து போய் இரிந்தன் மாமா. அடுத்த மாசச் சம்பளத்திலயும் பாதி கடை முதலாளிக்கிட்ட வாங்கிட்டன்.”

நான் மூத்தவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எனக்கு ரெண்டும் தெரியும் உம்மா. அங்கால இவர் உங்கட ஊட்டாருக்குச் சொல்லாத எண்டார். இஞ்சால நீங்க அவர்ட்டச் சொல்லாத எண்டீங்க. நான் என்ன செய்யிற?”

“எங்களுக்கு ரோல்ஸ் அலுத்துப் போச்சி மச்சான்” என்றாள் மூன்றாவது மகள், பெரிய மனுசி போல.

“பொய். இவள்தான் என்டதிலயும் பாதியத் தின்னுறவள்” என்றாள் கடைசி மகள். பிறகு கொஞ்சம் யோசித்து, “வெள்ளிக்கிழமையில மட்டும் கொண்டாங்க” என்று சேர்த்தாள்.

“வெள்ளிக்கிழமை கடை பூட்டுடி” என்றாள் மூத்தவள்.

“அப்ப சனிக்கிழம.”

சனிக்கிழமை என்று முடிவானது. பத்துப் பேரும் சோற்றில் கை வைத்தோம். மாப்பிள்ளை ஆணத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார், திரையின் ஓரத்தை அல்ல, என்னை.

“மாமி, ஆணத்தில உப்புக் கூட.”

ஒரு மாதமாக அவர் எந்தச் சாப்பாட்டையும் ஒரு குறை சொன்னதில்லை. மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கோ சந்தோசம்.

“கூடத்தான்” என்றேன். “உப்பு வாரின கையோட இத்தின பேர் அடுப்பில நிண்டா அப்பிடித்தான் இரிக்கும். சோத்தக் கூடப் போட்டுப் பிசஞ்சி தின்னுங்க.”

என் பக்கத்துச் சோற்றிலிருந்து ஒரு கை அள்ளி அவர் பக்கம் தள்ளினேன். அவர் பிசைந்தார்.