ஒரு சொட்டு வெள்ளம்கூட வராத ஏரியா

ஸ்டெல்லா டீச்சரின் வெள்ள இன்ஷூரன்ஸ் க்ளெய்மை கம்பெனி நிராகரித்துவிட்டது. கெடுத்தது வேறு யாருமில்லை. எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள்தான். அடியேன் உள்பட.

முடிச்சூர் பக்கம், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். டீச்சருக்குத் தரைத்தள வீடு. கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். ரிட்டயரானபோது வந்த பணத்தை மொத்தமாகப் போட்டு வாங்கிய வீடு. பயம் இருக்காதா? அதனால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப்போகிறேன் என்றார்.

மாடியில் இருக்கிற நாங்கள் சிரித்தோம். காருக்கென்றால் வருஷம் தவறாமல் கட்டுவோம். மழை எச்சரிக்கை வந்தால் போதும் — காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு வந்துதான் சாப்பாட்டில் கை வைப்போம். வீட்டுக்கு எதற்கு இன்ஷூரன்ஸ்? தண்ணீர் வந்தால் கீழ்வீட்டுக்குத்தானே வரும்!

ஏஜென்ட் வந்தார். கேட் அருகிலேயே நின்று கேட்டார்: "இந்த இடத்துல இதுக்கு முன்னாடி வெள்ளம் வந்திருக்கா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் குறுக்கே பாய்ந்தார் எத்திராஜ். அசோசியேஷன் செகரெட்டரி. ஒருகாலத்தில் இந்த நிலத்துக்கே சொந்தக்காரர். நிலத்துக்குப் பதிலாக பில்டர் கொடுத்த பிளாட்களில் ஒன்று இன்னும் விலைபோகவில்லை.

"வெள்ளமா? இங்கயா? இன்னா சார் பேசுற! ஊரே முழுகினாலும் இங்க ஒரு சொட்டு ஏறாது. மேட்டு பூமி சார் இது."

"எத்திராஜ் சார், முன்னாடி ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

எத்திராஜ் அவரை ஓரமாக அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார். "சும்மா இரு டீச்சரம்மா. வெள்ளம் வருதுன்னு எழுதி வச்சா, நாளைக்கு நம்ம வூட்ட எவன் வாங்குவான்? ஸ்கொயர் ஃபீட் ரேட் இன்னா ஆவுறது?"

ஏஜென்ட்டுக்கு மட்டும் உண்மை மேல் அப்படி என்ன காதல்? "அப்ப 'இல்லை'ன்னே போட்டுக்கலாம் மேடம்" என்று சந்தோஷமாகக் கிளம்பினார். டீச்சரும் அக்கம்பக்கத்தில் பகை எதற்கு என்று விட்டுவிட்டார்.

அந்த வருஷமே பேய்மழை. ஏரி நிரம்பி, ஆறு ஏறி... டீச்சர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் மிதந்தது. பிளைவுட் அலமாரி, டீயில் நனைத்த பொறை மாதிரி உதிர்ந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து டீச்சர் அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும், சேதத்தை மதிப்புப் போட கம்பெனி சர்வேயர் வந்தார். நல்ல மனிதர். சுவரில் ஈரக் கோட்டைப் பார்த்து, "அடேங்கப்பா, இவ்ளோ தண்ணியா?" என்றார்.

அவ்வளவுதான்! எத்திராஜுக்குச் சாமி வந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு தண்ணியா சார்? மின்னாடி ஒருவாட்டி வந்துச்சு பாரு... கழுத்து வரிக்கும்! இந்த கேட்டே தெரில!"

மூன்றாவது மாடி பேங்க்காரர் விடுவாரா? "போட்ல வந்துதான் சார் எங்களுக்கு பால் பாக்கெட்டே குடுத்தாங்க!" நான் மட்டும் இளைத்தவனா? "எங்க மாடிப்படியில பாம்பே நீந்திச்சு" என்று எடுத்துவிட்டேன்.

சர்வேயர் தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். டீச்சர் கையைப் பிசைந்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்போதாவது எங்களுக்கு உறைத்ததா? ஊஹூம். பட்ட கஷ்டத்தில்கூட ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கத் துடிக்கிற ஜென்மங்கள் நாங்கள்.

ஏற்கெனவே வெள்ளம் வந்ததை மறைத்துவிட்டீர்கள் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. பிரீமியம் வாங்கும்போது ஒரு எட்டு வந்து பார்க்காதவர்கள், பணம் தரும்போது மட்டும் உத்தம வேஷம் கட்டுகிறார்கள்! ஏஜென்ட்டோ போனையே எடுப்பதில்லை.

"வுடு டீச்சரம்மா, கர்த்தர் பாத்துப்பார்" என்று ஆறுதல் சொன்னார் எத்திராஜ். பழியைக் கடவுள் தலையில் கட்டுவதில் எங்களுக்கு மத பேதமே கிடையாது.

டீச்சர் கர்த்தருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. முத்து முத்தான எழுத்து.

'தரைத்தள வீடு விற்பனைக்கு. இடுப்பளவு வெள்ளம் வரும். முன்பு கழுத்தளவு வந்தது. விவரங்களுக்கு: அசோசியேஷன் செகரெட்டரி.'

எத்திராஜின் பிளாட்டைப் பார்க்க வந்த பார்ட்டி, அதைப் படித்துவிட்டு பைக்கை விட்டுக்கூட இறங்காமல் திரும்பிப் போய்விட்டது.

"இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது! மொதல்ல கழட்டு!"

"ஏன் சார்? நீங்க சர்வேயர்கிட்ட சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்? தப்பிருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். சம்ப் கழுவக் காசு கேட்டால் கதவைத் திறக்காத புண்ணியவான்கள் எல்லாரும் ஆஜர். டீச்சர் வீட்டு வயரிங், அலமாரி, பெயின்ட் — எல்லாச் செலவையும் அசோசியேஷனே ஏற்கும் என்று ஏகமனதாகத் தீர்மானம். இரக்கமா? அட, போங்க சார்! மழையில் எங்கள் மனசு நனையவில்லை. ரேட் நனைந்துவிடுமோ என்ற பயம்.

கார்பென்டர் வேலையை முடித்த அன்று பார்த்தேன். கேட்டில் போர்டு இல்லை.

"வீட்டை விக்கலியா டீச்சர்?"

"நான் எதுக்கு சார் விக்கணும்? போர்டைக் கழட்டிட்டேன். ஆனா... பத்திரமா வச்சிருக்கேன்."

எங்கள் அபார்ட்மென்ட்டில் உருப்படியான ஒரே இன்ஷூரன்ஸ் இப்போது அதுதான்!