விக்டர் அண்ணனின் டாங்கியைச் செய்த ஜெரால்டு

ஜெரால்டு போய்விட்டான்.

இன்று மத்தியானம் சாப்பிடக் கீழே இறங்கும்போது, சனத்நகர் ஆபீஸ் மாடிப்படியிலேயே சரிந்தான். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. எர்ரகட்டா டிராஃபிக்கில் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஜர ஹட்டோ பாய்!" என்று வழி கேட்டுக் கத்திக்கொண்டே போனேன். ஒருவரும் நகரவில்லை. நகர இடமும் இல்லை.

எங்கள் டிராயிங் செக்‌ஷனில் பக்கத்து சீட்காரன். வீட்டில் பிளாஸ்டிக் கிட் வாங்கி, சின்னச் சின்னதாகப் போர் டாங்கி செய்வான். எல்லாம் ஒரு சாண் நீளம்தான்.

ஒருநாள் லஞ்ச் டைமில் என்னிடம் சத்தமாக, "ஷோபா, நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கா?" என்றான். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவனுக்கு வெட்கமே இல்லை!

காருக்கு டிங்கரிங் செய்யும்போது பூசும் பட்டியை அந்த ரிமூவரில் கரைத்து, டாங்கியின் தலைப்பகுதியில் தடவி, காய்வதற்குள் பழைய டூத்பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தான். வார்ப்பில் வந்த உலோகத்தின் சொரசொரப்பு அப்படியே வந்துவிட்டது.

"எதுக்கு இவ்ளோ மெனக்கெடுற? பெயின்ட் அடிச்சா தெரியவா போகுது?" என்றேன்.

"பாக்குறதுக்கு இல்ல ஷோபா. எங்க அண்ணன் தொட்டுப் பாப்பாரு."

விக்டர் அண்ணன் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். சுகரில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கல்யாணம் ஆகாத இரண்டு பேரும் போவன்பள்ளியில் ஒரே வீட்டில்... சமையல், அண்ணனுக்கு ஊசி, எல்லாம் ஜெரால்டுதான்.

முதலில் செய்து கொடுத்த டாங்கியை அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "நக்கோடா, வேணாம். இது பொம்மை. என் வண்டி இப்பிடி வழவழன்னு இருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதனால்தான் இத்தனை பாடு.

இரண்டாவதைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அண்ணனின் விரல்கள் மெதுவாக ஊர்ந்து போய், தகடுகள் சேரும் ஒரு புடைப்பில் நின்றன.

"வெல்டு... ஹவ், ஆமா, வெல்டுதான். மழையில ஏறும்போது பூட்ஸ இங்கதான் வெப்பேன்."

டாங்கியின் பின்பக்க மேல்தட்டில், நிஜ வண்டியில் கால் வழுக்காமல் இருக்கும் சொரசொரப்புக்காக, ஜெரால்டு கோந்து தடவி, சலித்த மணலைத் தூவியிருந்தான். அங்கே உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இது மேல படுத்துத் தூங்கிருக்கேன்டா ஜெரி..."

ஜெரால்டு டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

இப்போது அதே வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். சாயங்காலம் அவனை ஃப்ரீசர் பாக்ஸில் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் இரண்டு கையாலும் அதன் மேல் தேடினார்.

"கண்ணாடிதான் கையில படுது. தொறங்க. என் தம்பிய நான் பாக்கணும்."

திறக்கக்கூடாது என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை... திறந்தார்கள்.

நெற்றி. புருவம். மூடிய இமை. ஒவ்வொன்றாகத் தொட்டார். அழவில்லை. என் பக்கம் திரும்பி, "இவன் சாப்ட்டானா ஷோபா?" என்றார்.

"சாப்ட்டான் அண்ணே."

அவன் டிபன் பாக்ஸ் திறக்காமல் என் பையில் இருக்கிறது. எனக்கு வேறென்ன சொல்ல வரும்?

அண்ணன் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்கிறார். ஊசி போடவும் கையை நீட்டவில்லை. மதுரையிலிருந்து அவர்கள் தங்கை வந்து சேரும்வரை நான் இருக்கிறேன்... அதற்குப் பிறகு? தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

நாளைக் காலை சர்ச்சில் பூசை, பிறகு கல்லறை. பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். வந்து அண்ணனோடு கொஞ்சம் உட்காருங்கள், போதும்.

ஜெரால்டு... போய் வாடா.