நானூறு சதவீதத்தில் என் முக்கோணம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்கு அருகே, மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இயங்கிய பயிற்சி நிலையத்தில் நான் கணினி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கூடம் முழுவதும் தட்டச்சு எந்திரங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிரூட்டிய சிற்றறையில் மூன்று கணினிகள். சிற்றறை என் பொறுப்பு. கூடம், குன்றக்குடியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகும் ஒருத்தியின் பொறுப்பு. அவள் பிளஸ் டூ படித்துவிட்டுத் தட்டச்சில் ஹயர் தேர்வு தேறியவள். நான் கணிதத்தில் முதுகலை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஆயினும் அவள் என்னை ‘மிஸ்’ என்பாள். நான் அவளைப் பெயர் சொல்லி அழைப்பேன். அந்த ஏற்பாடு இயல்பானது என்றே நான் நம்பியிருந்தேன்.

அவள்மீது எனக்கிருந்த பொறாமை, பின்னால் நாங்கள் இருவரும் வரைந்த முக்கோணங்களால் தொடங்கியதல்ல. கண்ணாடி வழியாக ஒவ்வொரு மாலையும் அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்வாள், எந்திரங்களின் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரிப்பார்கள். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்காது. சுவரில் அவள் எப்போதோ ஒரு போட்டிக்காகத் தட்டச்சில் அடித்த பிள்ளையார் படம் சட்டமிட்டுத் தொங்கியது. தும்பிக்கை முதல் கையிலிருக்கும் மோதகம் வரை எக்ஸ் என்ற ஒரே எழுத்தால் ஆனது. பயனற்ற பொறுமை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். எனக்கோ இரண்டு விரலால்தான் அடிக்கத் தெரியும். ஒருநாள் நான் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மாணவி, “மிஸ், அந்த அக்கா கண்ண மூடிக்கிட்டே அடிப்பாக, தெரியுமா?” என்றாள். அந்த மாணவியை நான் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவளுடைய பயிற்சித் தாள்களில் நிறையப் பிழைகள் கண்டேன்.

அந்த ஆண்டு, ஊரிலிருந்த பெண்கள் பள்ளி ஒன்றுக்கு, வெளிநாட்டில் குடியேறிவிட்ட பழைய மாணவி ஒருவரின் குடும்பம் கணினிகள் வாங்கித் தந்தது. கற்பிக்க ஆள் தேடி, தலைமையாசிரியையான சிஸ்டர் எங்கள் படியேறி வந்தார். நிலையத்தை நடத்திய சார் எங்கள் இருவரையும் அழைத்து நிறுத்தினார்.

“ரெண்டு பேரையும் அனுப்பிட்டா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான் சிஸ்டர். ஒருத்தரை எடுத்துக்கங்க” என்றார் சார்.

சிஸ்டர் சிரித்தார். “கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஆளுக்கு ஒண்ணு செஞ்சு வையுங்கம்மா. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோட வாரேன். அவுகளுக்கு யாரு சொல்றது புரியுதுன்னு பாப்போம்.”

அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கல்லூரிக் காலத்தில் எழுத்தறிவுப் பணிக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போயிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்களின் வீட்டு வாசல்களில் அமர்ந்து அவர்களுடைய தந்தையரோடு வாதாடியிருக்கிறேன். கணினி அப்பெண்களை எங்கே கொண்டு செல்லும் என்று பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதி வைத்திருந்தேன். இந்த எந்திரம் தட்டச்சுக்காரர்களின் கையில் போய்ச் சேர்ந்தால் நம் பெண்கள் பிறர் சொல்வதை அடித்துக்கொடுப்பவர்களாகவே தங்கிவிடுவார்கள், அதற்கு இடம் தரக் கூடாது என்பது அத்திட்டத்தின் முதல் வரி. எழுதியபோது நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. சிஸ்டர் வந்துபோன அன்று மாலை அந்த வரியை எடுத்துப் படித்தபோது, அது ஒரே ஓர் ஆளைக் குறித்து எழுதப்பட்டதுபோல இருந்தது.

எங்கள் கணினிகளில் கணிதத்துக்கென்று எதுவும் இல்லை. கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, கூட்டங்களில் காட்டும் ஸ்லைடு தயாரிக்க ஒன்று. நான் ஸ்லைடு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு முக்கோணம் வரைந்து, பாதியாகச் சுருக்கி, நகலெடுத்து மூன்றாக்கி, கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக அடுக்கினால், நடுவில் தலைகீழான முக்கோண வெற்றிடம் ஒன்று பிறக்கும். அம்மூன்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, அதையும் பாதியாக்கி, மூன்றாக்கி, மீண்டும் அடுக்க வேண்டும். ஐந்து முறை செய்தால் போதும். முக்கோணத்துக்குள் முக்கோணமாக, சல்லடைபோல ஒரு ஃப்ராக்டல் திரையில் எழுந்து நிற்கும். சிறு பகுதி எதை எடுத்தாலும் முழு உருவத்தின் சாயலே அதில் இருக்கும். முதுகலையில் கரும்பலகையில் மட்டுமே கண்ட ஒன்றை, விற்பனைக் கூட்டங்களுக்காக எழுதப்பட்ட மென்பொருளில் செய்துவிட்டேன் என்ற பெருமிதத்தில் அன்று சாப்பிடக்கூட மறந்தேன்.

அவளுக்கும் அதைக் காட்டினேன். தாராள மனத்தால் அல்ல, வியக்கட்டும் என்பதற்காக. அவள் வியந்தாள். பிறகு, “இதையே நானும் செஞ்சு பாக்கட்டுமா மிஸ்? எனக்குக் கணக்குல வேற என்ன தெரியும்?” என்று கேட்டாள். தாராளமாகச் செய் என்றேன். என்னோடு ஒப்பிடும்படியான ஒன்றை அவளே கேட்டு வாங்கிக்கொண்டது எனக்கு வசதியாகவே பட்டது.

மூன்றாம் நாள் அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மிஸ், ஒரு சந்தேகம். முக்கோணத்தப் பக்கத்துல கொண்டாந்து வச்சா ஒட்டவே மாட்டேங்குது. நான் ஒரு இடத்துல விட்டா, அது இன்னொரு இடத்துல குதிச்சுப் போயி உக்காருது. நீங்க எப்படி வச்சீக?”

விடை எனக்குத் தெரியும். அந்த மென்பொருள் பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டங்களை விரித்து வைத்திருக்கிறது. எந்த உருவத்தையும் அக்கட்டங்களின் கோட்டுக்கே இழுத்து நிறுத்தும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் நகர்த்தினால் அந்தப் பிடி விட்டுவிடும். நினைத்த இடத்தில் வைக்கலாம். உதவிப் பக்கங்களைப் படித்து இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுநாள் ஆகியிருந்தது.

“அந்த சாஃப்ட்வேர் அப்பிடித்தான். உள்ள கண்ணுக்குத் தெரியாம கட்டம் கட்டமா இருக்கு. அதுலதான் போயி நிக்கும்” என்றேன்.

“எங்குட்டு வச்சாலுமா?”

“எங்குட்டு வச்சாலும்.”

“அப்பச் சரி மிஸ்” என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எதையோ பெற்றுக்கொண்டவளைப் போலப் போனாள்.

அந்த ஒரு விசையைச் சொல்லாததன் விளைவுகளை அன்றிரவு நான் முறைப்படி ஆராய்ந்தேன். அவளுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவளுடைய கூடம் அவளுக்கு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கோ கணிதம் படித்த ஒருத்தி கிடைப்பாள். பெரிய நன்மைக்காகச் சிறிய மௌனம். அந்தத் தராசில் எல்லாவற்றையும் வைத்தேன். மாணவர்களோடு அவள் சிரித்த சிரிப்பை மட்டும் வைக்கவில்லை.

அடுத்த நாள்களில் மாணவர்கள் இல்லாத நேரத்தில் அவள் கடைசிக் கணினியில் உட்கார்ந்திருந்தாள். நான் வேறெதையோ பார்ப்பதுபோல அவளையே பார்த்தேன். மவுஸை அவள் தொடவே இல்லை. அம்புக்குறி விசைகளை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் எதையோ எண்ணின. இடையில் ஒரு முறை எழுந்து போய், சுவரிலிருந்த பிள்ளையாரின் முன்னால் நின்றாள். வேண்டுதல் என்று நினைத்தேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் அதைக் கேலி செய்யக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அவள் எழுந்துபோன இடைவெளியில் திரையை எட்டிப் பார்த்தேன். அவளுடைய முக்கோணம் ஒல்லியாக, உயரமாக இருந்தது. சமபக்கமே இல்லை. எனக்கு நிம்மதி வந்தது. சாரிடம் போய்ச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“சார், அவ வரைஞ்சிருக்கிறது சமபக்க முக்கோணமே இல்ல.”

“ஏம்மா, சர்ச்சு கோபுரம் மாதிரி நல்லாத்தானே இருக்கு? சிஸ்டருக்குப் பிடிக்கும்” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை சிஸ்டர் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சிலரோடு வந்தார். சிற்றறைக்கு வெளியே செருப்புகள் குவிந்தன. நான் முதலில் காட்டினேன். சமபக்க முக்கோணத்தின் இலக்கணத்தைச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை மும்மடங்காவதைச் சொன்னேன். மாணவிகள் கைகட்டிக் கேட்டார்கள். இறுதியில், இதை எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அதே ஒழுங்கு இருக்கும், அதுதான் ஃப்ராக்டலின் அழகு என்று முடித்தேன்.

“நெசமாவா மிஸ்? அப்ப நெருங்கிப் பாப்பம்” என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி.

மறுக்க வழியில்லை. பெரிதாக்கும் அளவை நானூறு சதவீதத்துக்கு மாற்றினேன். அந்த மென்பொருள் அனுமதிக்கும் உச்ச அளவு அது.

“இங்குட்டுப் பாருங்க மிஸ், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு!”

“அங்குட்டு ஒரு சந்து. காத்து வரும் போல.”

“ஏய், சும்மா இரு” என்றார் சிஸ்டர். ஆனால் அவரும் குனிந்து பார்த்தார். கட்டத்தின் பிடியை விடுவித்து, என் கண்ணை நம்பி வைத்தவை அவை. தொலைவிலிருந்து பார்க்கையில் ஒட்டியிருந்த முனைகள் எதுவும் உண்மையில் ஒட்டியிருக்கவில்லை.

அடுத்து அவளுடையது. அவள் எதுவும் விளக்கவில்லை. “பாருங்க” என்று மட்டும் சொன்னாள். யாரும் கேட்காமலேயே மாணவிகள் நானூறுக்குப் போனார்கள். ஒவ்வொரு முனையும் அடுத்ததன் முனையைச் சரியாகத் தொட்டு நின்றது. ஓரம் முழுவதும் திரையை நகர்த்தி நகர்த்தித் தேடினார்கள். ஒரு சந்தும் இல்லை.

“எப்படிம்மா?” என்றார் சிஸ்டர்.

“எண்ணுனேன் சிஸ்டர். டைப்ல தலைப்ப நடுவுல அடிக்கணும்னா எழுத்த எண்ணி, நடுவுல இருந்து அதுல பாதி பின்னால வருவோம்ல. ஒத்தப்படையா இருந்தா பாதி வராது. அதான் பெருசுல இருந்து சுருக்காம, குட்டியில இருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு கட்டம் அகலம், ரெண்டு கட்டம் உசரம். அதுல மூணு அடுக்குனா அகலமும் உசரமும் நாலு கட்டம். அதுல மூணு வச்சா எட்டு. அப்பிடியே அறுபத்து நாலு வரைக்கும். எங்குட்டு வச்சாலும் கட்டத்துலதான் வந்து நிக்கும்.” பிறகு என்னைக் காட்டி, “மிஸ்தான் கட்டம் இருக்குன்னு சொன்னாக. அவுக சொல்லலைன்னா எனக்கு எங்க தெரியும்?” என்றாள்.

மாணவிகள் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நிகரான தண்டனையை நான் பிறகு எங்கும் பெற்றதில்லை.

சமபக்க முக்கோணத்தின் அகலம் முழு எண்ணாக இருந்தால், அதன் உயரம் ஒருபோதும் முழு எண்ணாகாது. மூன்றின் வர்க்கமூலம் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே என் முக்கோணம் எந்த அளவிலும் அக்கட்டங்களுக்குள் பொருந்தியிருக்காது. இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அவள் எழுதியதில்லை. எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எண்ணி ஒரு பிள்ளையாரையே அடித்து முடித்தவளுக்கு அந்தத் தேற்றம் தேவைப்படவில்லை. அன்று அவள் படத்தின் முன் நின்றது வேண்டுவதற்காக அல்ல, வரிகளை எண்ணுவதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணினி தட்டச்சுக்காரர் கையில் போனால் சிந்தனை நின்றுவிடும் என்ற என் திட்டத்தின் முதல் வரி, என் கண்ணெதிரே நானூறு சதவீதத்தில் உடைந்தது.

சிஸ்டர் அங்கேயே முடிவைச் சொன்னார். “பட்டமெல்லாம் பெரிய வகுப்புக்குத்தான் கேப்பாக. நம்ம பிள்ளைகளுக்கு இந்தப் பொண்ணு வரட்டும்.” சார் என் முகத்தைப் பார்க்காமல், டீ சொல்லி அனுப்புவதற்காக வெளியே போனார்.

அவள் பள்ளிக்குப் போவதற்கு முதல்நாள், கூடத்தின் சாவியை என்னிடம் ஒப்படைக்க வந்தாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கணினியை இயக்கி, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு முக்கோணத்தை நகர்த்திக் காட்டினேன். இது அன்றைக்கே எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன்.

அவள் குனிந்து, தானே அந்த விசையை அழுத்தி முக்கோணத்தை இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்தாள்.

“சீ, எங்குட்டு வேணாலும் போகுது. எங்க நிக்குதுன்னே தெரியலையே மிஸ்.” விசையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சிரித்தாளா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “நல்ல வேளை, நீங்க சொல்லல. சொல்லியிருந்தா நானும் உங்கள மாதிரியேதான் செஞ்சிருப்பேன்.”

சாவியை மேசையில் வைத்துவிட்டு, குன்றக்குடிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று போனாள்.

அவள் மன்னித்திருந்தால் அழுதிருப்பேன். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. அன்று மாலை தனியாக உட்கார்ந்து, இரண்டு கட்டம் அகலம், இரண்டு கட்டம் உயரம் என்று ஆரம்பித்து, ஆல்ட் விசையைத் தொடாமல் அம்புக்குறிகளைத் தட்டி எண்ணினேன். இரண்டு முறை எண்ணிக்கை தவறியது. மூன்றாம் முறை வந்தது. நானூறு சதவீதத்தில் ஓரம் முழுவதும் சோதித்தேன். எல்லா முனைகளும் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த முக்கோணத்தில் நான் கண்டுபிடித்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, கூடத்தின் விளக்குகளை அணைக்கப் போனேன்.