மீதி பூஜ்யம் வரவில்லை

கடலைமிட்டாயைக் கோணல்மாணலாக வெட்டியது கரிசல் மண்தான் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். அப்போது எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு சி புரோகிராமை அனுப்பி, "ஒருதடவை பாத்துருங்க சார்" என்றாள். fmod விடை பூஜ்யமா என்று கேட்கும் ஒரு வரி அதில் இருந்தது. உடனே மூக்கில் வெல்லப்பாகு வாசனை.

fmod பாவம், தசம எண்ணைத் தசம எண்ணால் வகுத்து மீதியைச் சொல்லும், அவ்வளவுதான். கோவில்பட்டியில் ஒரு மிட்டாய்ப் பட்டறைக்கு நான் கொண்டுபோன முதல் வெட்டு மெஷின் அதை நம்பித்தான் ஓடியது. ஒரு மீட்டர் நீள மிட்டாய்ப் பாளம் பெல்ட்டில் நகரும். நகர்ந்த தூரத்தைச் சென்சார் சொல்ல, அதை 0.1 மீட்டரால் வகுத்து, மீதி பூஜ்யமானால் கத்தி விழும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு.

முதல் பாளம் கண்டபடி விழுந்தது. எங்கள் பக்கம் சுவர் வெடித்தாலும் கதவு சாத்தாவிட்டாலும் பழி மண்ணுக்குத்தான். கோடையில் செருப்பே உள்ளே போகிற அளவு பிளக்கும். "அண்ணாச்சி, தரை எறங்குது. மெஷின் காலுக்குக் கல்லு குடுக்கணும்" என்றேன், பெரிய மேதை போல. நாலு பேர் தூக்க, கல் வைத்தோம். இரண்டாவது பாளமும் அப்படியே.

முதலாளி அண்ணாச்சி கத்தவில்லை. அதுதான் பயம். "தம்பி, இன்னும் ஒரு பாகு காச்சுதோம். அதும் இப்படின்னா மெஷின வண்டில ஏத்திருங்க." எங்கள் கம்பெனி மேனேஜரோ போனில், "மெஷின் திரும்பி வந்தா, கூட நீ வராத" என்று வைத்துவிட்டார். அடுப்பில் வெல்லம் கரைய ஆரம்பித்தது.

அங்கே கையால் வெட்டும் பேச்சியக்கா துண்டுகளை அடிஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, ரெண்டு பாளமும் ஒண்ணுபோலல்லா வெட்டிருக்கு? பத்து, பத்து, இருவது, நாப்பது, கடைசில இருவது. மண்ணு எறங்குனா இம்புட்டு ஒழுங்காவா எறங்கும்?"

"சும்மா இருங்கக்கா."

"காலைலருந்து சும்மாதான இருக்கேன். நீங்கதான வெட்டுதீங்க."

கத்தி விழுந்தது பத்தில், இருபதில், நாற்பதில், எண்பதில். எல்லாம் இரட்டிப்பு. லேப்டாப்பைத் திறந்து மீதியை முழு இலக்கத்தோடு அச்சிட்டேன். 0.3-க்கு 0.09999999999999998.

கணினியால் 0.1-ஐத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அது வைத்திருப்பது மயிரிழை பெரிது. அதனால் 0.3-க்குள் மூன்று முறை அடங்கவில்லை. இரண்டு, நான்கு, எட்டு மடங்குகள் மட்டும் பிசகாமல் அடங்கின. fmod-இன் பங்காளியான remainder-ஐக் கூப்பிட்டேன். அது பூஜ்யத்துக்கு ஒரு துளி கீழே காட்டியது. துளியானாலும் பூஜ்யமில்லை.

"பாகு பதம் வந்துட்டு!" என்று குரல். இறுகினால் கத்தி இறங்காது. தசமத்தை அழித்து, முழுச் சென்டிமீட்டரைப் பத்தால் வகுத்து மீதி கேட்டேன். பாளம் நகர்ந்தது. முப்பதில் கத்தி விழுமா என்று குனிந்து பார்த்தேன். விழுந்தது.

அக்கா பத்துத் துண்டையும் அளந்தார். "இப்ப ஒழுங்கா வெட்டுதான்" என்றார், மெஷினைப் பார்த்து.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். அண்ணாச்சி இல்லை. அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டார் என்றார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சென்சார் சென்டிமீட்டரை முழுமுழுதாகச் சரியாகவே எண்ணியது. fmod சரியாகவே வகுத்தது. நடுவில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நூறால் வகுத்து மீட்டராக்கியது நான்.