திருவிருந்துப் பாத்திரத்தில் ஒரு நசுங்கல்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஆலயத்தின் வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்து வைப்பது இப்போது என் பொறுப்பு. திருவிருந்தின்போது திராட்சரசம் நிரப்பி, சபையார் எல்லாரும் வாய்வைத்துக் குடிக்கும் ஒற்றைப் பாத்திரம் அது. பற்பொடி தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மீண்டும் ஒருமுறை துடைப்பேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. துணி அங்கே தடுக்கும். என் அத்தை அந்தப் பாத்திரத்தால் ஒரு மனிதனின் முகத்தில் ஓங்கி அடித்ததால் வந்த நசுங்கல்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அவர்தான் ஆசிரியை. சுவரில் உயரமாகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, குதித்துத் தொடச் சொல்வார். எங்களில் நெட்டையானவனுக்கும் ஒரு சாண் குறையும். “இதுதான் நியாயப்பிரமாணம், கடவுள் போட்ட சட்டம். ஒரு சாண் தப்பினவனும் தப்பினவன்தான், ஒரு முழம் தப்பினவனும் தப்பினவன்தான். குதிங்கடா, இன்னும் குதிங்க!” என்பார். நாங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கோட்டைத் தொடவைப்பார். “இப்ப நீயாவா தொட்ட? தூக்கினாங்க, தொட்ட. கிருபைன்னா அதான். தூக்கறவங்கள நம்பு, கைகால ஒதறாத.” அத்தையின் ஒரே மகன் மட்டும் வேண்டுமென்றே கால்களை உதறிச் சிரிப்பான்.

அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில், முடிச்சூர் சாலையில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் அவனுடைய பைக் வேறொரு பைக்கை உரசிவிட்டது. “இன்னாடா, கண்ணு பொட்டையா?” என்றான் அந்த வண்டிக்காரன். இவனும் பதிலுக்கு ஏதோ சொன்னான். குடித்திருந்த வண்டிக்காரன், பரோட்டாக் கல்லின்மேல் கிடந்த இரும்புத் தோசைத்திருப்பியை எடுத்து இவன் கழுத்தில் இறக்கினான். பிடிகூடப் பழுக்கக் காய்ந்திருந்ததால் அவனுடைய உள்ளங்கையும் வெந்துபோயிற்று. அப்படியும் விடாமல் மறுபடி இறக்கினான். மருத்துவமனையில் உடலை அடையாளம் காட்டியது நான். வெட்டுவாயின் ஓரம் கருகியிருந்தது. தலைமயிரில் மைதா ஒட்டியிருந்தது.

கொன்றவர் தண்டனை முடிந்து, சிறையிலேயே விசுவாசத்துக்கு வந்து, வண்டலூரில் ஒரு பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற விரும்பினார். போதகர் அத்தையின் வீட்டுக்கு வந்து, “உங்களுக்கு முடியாதுன்னா வேற சபைக்கு அனுப்பிடறேம்மா,” என்றார். அத்தை காபி ஆற்றிக்கொண்டே, “வரட்டும் ஐயா. கிருபை என்ன எங்க வீட்டுச் சொத்தா?” என்றார். அதைக் கேட்டுப் பலர் அவரைப் பரிசுத்தவாட்டி என்றார்கள். அத்தையும் தான் சொன்னதை நம்பினார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஆலயத்தில், திருவிருந்து மேசைக்கு முன்னாலிருக்கும் மரக் கிராதியில் இடைவெளி விடாமல் முழங்காலிட வேண்டும். காலி இடம் தெரிந்தால் பணிவிடைக்காரர் அடுத்தவரை அங்கே அனுப்பிவிடுவார். அப்படித்தான், ஞானஸ்நானம் பெற்றபின் வந்த முதல் திருவிருந்தில், அந்த மனிதர் அத்தையின் வலப்பக்கம் வந்து முழங்காலிட்டார். இடப்பக்கம் நான். அப்பம் வாங்க அவர் இரு கைகளையும் விரித்தார். வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு, பிடியின் அகலத்துக்கு. அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் அத்தையின் கைக்கு வந்தது. அத்தை குடிக்கவில்லை. முதல் அடி அந்த மனிதரின் புருவத்தில் விழுந்தது, அடுத்தது வாயில். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளைச் சட்டையில் வழிந்ததில் ரசம் எது, ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் விரித்த கையை எடுக்கவில்லை. நடந்தது தெரியாத பாடகர் குழு பாடிக்கொண்டிருந்த சரணத்தை முடித்தது.

சபைக் குழு கூடியது. ஆலயத்தில் கைநீட்டியவர், வருந்தி மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்துக்கு வரக்கூடாது என்பது விதி. அத்தை, “வருத்தமே வரலயே. பொய் சொல்லிட்டு வாங்கிச் சாப்பிடவா?” என்றார். உதட்டில் தையலோடு வந்திருந்த அந்த மனிதர் எழுந்தார். “அம்மாவ நிறுத்தினா என்னியும் நிறுத்திடு சார். நான் பண்ணதுக்கு இதெல்லாம் ஒரு அடியா?” செயலாளர், “நீ உக்காருய்யா. விதி விதிதான்,” என்றார். “தகுதி பாத்துக் கூப்பிட்டா இந்த மேசைக்கு நம்ம ஒருத்தரும் வர முடியாது,” என்ற போதகரின் பேச்சு எடுபடவில்லை.

அதிலிருந்து அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த மனிதரும் மேசைக்குப் போகாமல் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அத்தைக்கு இது, தான் அடித்த அடியைவிடப் பெரிய அடி. “எனக்காகப் பட்டினி கெடக்க அவன் யாருடா? என் புள்ளயக் கொன்னவன் எனக்குப் பிச்சை போடறானா?” என்று வீட்டில் தட்டுகளைச் சுவரில் விட்டெறிந்தார். இலவசமாக வருவதை வாங்கிக்கொள்ளும்படி எங்களுக்குச் சொல்லித்தந்தவர், இந்தக் கையிலிருந்து வருகிறது என்பதால் உதறினார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவ அறிக்கை ஜெபத்துக்கு முன் அத்தை எழுந்து நின்றார். “அடிச்சதுக்கு இன்னும் எனக்கு வருத்தம் வரல. வரணும்னு கேட்டுட்டு இருக்கேன். கோடு எனக்கு எட்டல ஐயா.” செயலாளர் எழப்போனார். போதகர் கையமர்த்தினார். அத்தை மறுகோடியைப் பார்த்து, “எழுந்து வா,” என்றார். அதட்டலாகத்தான்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். அத்தை குடித்தார். பாத்திரத்தைப் போதகரிடம் திருப்பித் தராமல் அந்த மனிதரின் பக்கம் உயர்த்தினார். நான் அத்தையின் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டேன். அந்த மனிதர் கண்களை மூடினார், முகத்தை விலக்கவில்லை. விளிம்பு அவருடைய உடைந்த பல்லில் டக்கென்று மோதியது. குடித்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அத்தை அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு திருவிருந்திலும் அவருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு முழங்காலிட்டார்.

போன வருடம் சபைக் குழு பாத்திரத்தைச் சரிசெய்யச் சொன்னது. தாம்பரம் கடைத்தெருவில் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, “நிமிர்த்திடலாம் சார். ஆனா உள்ளேர்ந்து இன்னொரு அடி குடுக்கணும்,” என்று சுத்தியலை எடுத்தார். நான் பாத்திரத்தை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளை திருவிருந்து. துடைத்து முடித்தாயிற்று. துணி இன்றும் அங்கே தடுத்தது.