பரிமளா அக்கா காட்டிய இரண்டு தட்டான்கள்

என் வார்டுத் தெருக்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "பரிமளா போயிட்டாம்மா. நெஞ்சுவலி" என்றார் மேற்பார்வையாளர். செஞ்சியில் கொசுப்புழு ஒழிக்க வீடு வீடாக அலையும் நம் எல்லோருக்கும் பரிமளா அக்காவைத் தெரியும். எனக்கு அவர் யாராக இருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆற்றோரத் தெருவில் ஒரு மாட்டுத்தொட்டி. வாலில் மூன்று இலை ஒட்டியதுபோல் மெலிந்த பூச்சிகள் அதில் நெளிந்தன. புழு மருந்தை ஊற்றப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா.

"இன்னாம்மா பி.எஸ்சி. விலங்கியல், காவல்காரனையே கொல்றியா? ஊசித்தட்டான் குஞ்சு இது. கொசுப்புழுவத் துன்றது."

அப்படியே ஆற்றுக்குக் கூட்டிப்போனார். கோரையில் இறக்கையை மடித்தபடி ஓர் ஊசித்தட்டான். பாறையில் இறக்கையை விரித்தபடி பெரிய தட்டான்.

"இவ புல்லுல குந்தியிருக்கறத பொறுக்கித் துன்னுவா. அவன் பறந்துகினே புடிப்பான். இவளுக்குக் கண்ணு தள்ளித் தள்ளி இருக்குது. அவனுக்குத் தலையே கண்ணுதான், நம்ம மேற்பார்வையாளர் மாதிரி."

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டெங்கு வந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. பயத்தில் இரண்டு வகைக் குஞ்சுகளையும் ஆற்றிலிருந்து அள்ளிவந்து வீட்டுத் தண்ணீர் டிரம்மில் விட்டேன். அவற்றுக்குக் காற்று வேண்டுமே என்று மூடியையும் எடுத்துவிட்டேன். ஊரெல்லாம் 'டிரம்ம மூடி வைங்கம்மா' என்று சொல்கிற நான்! பெரிய தட்டான் குஞ்சுகள் முதலில் தின்றது ஊசித்தட்டான் குஞ்சுகளைத்தான். திறந்த டிரம்மில் கொசு முட்டையிட்டது. இரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல்.

மருத்துவமனையிலிருந்து அக்காவிடம் போனில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார், புடவையெல்லாம் ஈரம்.

"டிரம்ம கவுத்து, தேச்சுட்டு வரேன். எம் புள்ளைக்காக நானும் இதே மாதிரி குஞ்ச டிரம்முல வுட்டவதான்டி. தள்ளிக் குந்து."

ரத்தப் பரிசோதனை முடிவு வர மாலையாகிவிட்டது. 'ஒண்ணும் ஆகாது' என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. அதுவரை எழுந்தும் போகவில்லை. டெங்கு இல்லை என்று தெரிந்ததும், "டீ வாங்கிக் குடு, பசிக்குது" என்றார்.

நேற்று அவருடைய வார்டுக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு வீட்டில், காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி கேட்டாள்: "டெங்குவா இருக்குமாக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அவளைவிட எனக்குத்தான் பயம். அவர்களை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். முடிவு வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பரிமளா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உட்காருதலைத்தான்.